நானூறு பாக்கெட் ரப்பர் மீன்

மரைக்காயர்பட்டினம்
19.01.2024, வெள்ளி

அன்பு மகன் ஃபஹத்துக்கு, வாப்பா வாவு முகம்மது சொல்லச் சொல்ல உன் மனைவி அம்ரீன் எழுதுகிற கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் உன்னைக் குறையில்லாமல் வைத்திருக்க வேண்டும். இங்கே என் காது நீங்கலாக எல்லாம் சுகம்.

ஹமீது சுல்தான் செவ்வாய்க்கிழமை ஊர் வந்து சேர்ந்தான். மறுநாள் காலையிலேயே உன் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். "மாமா, என் பெட்டியில பாதி வெயிட்டு ஒங்க மவன் சாமான்தான். எம் பொண்டாட்டிக்கு வாங்குன பால்பவுடரை அங்கனயே விட்டுட்டு வாரேன், பாத்துக்கிருங்க" என்று வாசலில் நின்றே என் காதில் கத்த ஆரம்பித்தான். டீ குடித்த பிறகுதான் முகம் மலர்ந்தது. அவன் சட்டையெல்லாம் பூண்டு வாடை அடிக்கிறதாம். தூண்டிலில் இரையாக மாட்டுகிற ரப்பர் மீனுக்குப் பூண்டு போட்டுத் தாளித்தது யார் என்று உன்னிடம் கேட்கச் சொன்னான்.

பொட்டலத்தில் இருந்தது இருபத்துமூன்று பாக்கெட். முந்தி வந்ததோடு சேர்த்தால் முந்நூற்றுப் பன்னிரண்டு என்கிறாள் அம்ரீன். உன் அறை அலமாரியில் இடமில்லை. கல்யாணச் சேலைகளை எடுத்துப் பழைய டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டு, அந்தத் தட்டில் இவற்றை வைத்திருக்கிறாள். வேண்டாம்மா என்றேன். "சேலை எங்கன இருந்தா என்ன மாமா, அவுக சாமான் கசங்கக் கூடாதுல்ல" என்றாள்.

கடிதம் எதற்கு, வாட்ஸ்அப்பில் பேசச் சொல்லுங்கள் என்று ஹமீதிடம் சொல்லி அனுப்பியிருக்கிறாய். போனில் உன் குரல் எனக்குத் தண்ணீர் மோட்டார் ஓடுகிற சத்தமாகத்தான் விழுகிறது. தொண்ணூற்று மூன்றாம் வருஷம் மாசி மாதம், சங்கு எடுக்க ஏழு பாகம், நாற்பதடிக்கு மேல் ஆழத்தில் குளித்து மேலே வந்தபோது இரண்டு காதிலும் ரத்தம் வந்தது. அன்றைக்கு நீ மூன்று வயதுப் பிள்ளை. அதற்கப்புறம் வலது காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் எனக்குக் கேட்கும். உன் கடிதத்தை அம்ரீன் கத்தித்தான் வாசிக்கிறாள். நீ எழுதுவது எனக்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்காக எழுதாமல் இருந்துவிடாதே.

2022 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை, ஏர்போர்ட்டுக்கு வேன் வந்து நின்றபோது நீ சொன்னது எனக்கு அப்படியே இருக்கிறது. "நானூறு பாக்கெட் சேரட்டும் வாப்பா. மண்டபத்துல தூண்டில் சாமான் கடை போட்டுருவேன். ஞாயித்துக்கிழமை மதுரைக்காரங்களை மீன் பிடிக்கப் போட்ல கூட்டிப் போவேன். அப்புறம் எந்தத் தேசத்துக்கும் போக மாட்டேன்." அம்ரீன் கதவுக்கு உள்ளே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து அவள் எண்ணுகிறாள்.

நோன்புக்கு முன்னால் வருகிறாயா, பெருநாளுக்கா? அதை மட்டும் தெளிவாக எழுது.

உன் வாப்பா
வாவு முகம்மது (பெருவிரல் ரேகை)

&nbsp;

தோஹா
11.02.2024

என் அன்பு வாப்பாவுக்கு மகன் ஃபஹத் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் நலம். குளிர் குறைந்துவிட்டது. எங்கள் தூண்டில் சாமான் கடைக் கோடவுனில் வேலை அதிகம்.

வாப்பா, அந்தப் பாக்கெட்டுகளைப் பற்றி விவரமாக எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்தேன். நம் ஊர் வெயிலுக்கு அவற்றைச் சரியாகப் பேணாவிட்டால் எல்லாம் வீண். அம்ரீனை ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசிக்கச் சொல்லுங்கள்.

முதல் காரியம், ஒவ்வொன்றும் அது வந்த கவரிலேயே இருக்க வேண்டும். கவர் அழகாக இல்லை என்று எடுத்து வேறொன்றில் போடக் கூடாது. ஒரு கம்பெனி ரப்பர் இன்னொரு கம்பெனி ரப்பரோடு ஒட்டக் கூடாது. இழுத்தால் ஜவ்வு மாதிரி நீளுகிற சாதி ஒன்று இருக்கிறது. அது சாதாரண ரப்பர் மீனோடு ஒரு நாள் சேர்ந்து கிடந்தாலே இரண்டும் இளகிப் பசையாகிவிடும். கறுப்பும் சிவப்பும் பக்கத்தில் இருக்கிற வெள்ளையில் சாயம் ஏற்றிவிடும். முறுக்கு வைக்கிற கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக் டப்பாவில் போடவே வேண்டாம். இந்த ரப்பரில் இருக்கிற எண்ணெய் அந்த டப்பாவையே தின்றுவிடும்.

அடுத்து, படுக்கை வாக்கில் வையுங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக ஏற்றி அமுக்க வேண்டாம். வால் மடங்கிக் கிடந்தால் அந்த மடிப்பிலேயே நின்றுவிடும். அப்படி ஏதாவது மடங்கியிருந்தால் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கி, உடனே பச்சைத்தண்ணீரில் போட்டால் நிமிர்ந்துவிடும். தண்ணீருக்குள் அந்த வால்தான் ஆடும், வாப்பா. வால் ஆடாவிட்டால் பாரை மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஜன்னல் வெயில் படக் கூடாது. பிரிட்ஜ் மேலே வைக்கக் கூடாது, அங்கே சூடு. தூண்டில் முள்ளையும் ஈயத்தையும் வேறு பெட்டியில் போடுங்கள், துரு ஏறும். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு கவரையும் பார்த்து, காய்ந்தது மாதிரி இருந்தால் நான் கொடுத்து அனுப்பிய சின்னப் பூண்டு எண்ணெய்ப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டு, கவரைப் புரட்டிவிட்டுக் காற்றை வெளியேற்றி மூடுங்கள்.

பெருநாளுக்கு வர முடியாது. கம்பெனியில் ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அதற்குள் நானூறு சேர்ந்துவிடும், இன்ஷா அல்லாஹ்.

அம்ரீன் தலைக்கு எண்ணெய் வைத்த கையோடு பாக்கெட்டைத் தொட வேண்டாம் என்று சொல்லவும்.

உங்கள் மகன்
ஃபஹத்

&nbsp;

மரைக்காயர்பட்டினம்
03.03.2024, ஞாயிறு

அன்பு மகனுக்கு ஸலாம். எழுதுவது அம்ரீன்தான்.

உன் கடிதம் வந்த அன்றே இரண்டு தடவை வாசித்தாள். நீ சொன்னதையெல்லாம் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறாள். எனக்கு எழுத்தைப் பார்த்தால் எறும்பு போகிறது மாதிரித்தான் தெரியும். ஆனாலும் வாசித்ததைக் கேட்டபிறகு எனக்கும் பாடமாகிவிட்டது.

ஒவ்வொரு கவரையும் தனியாக எடுத்து, துணியில் கையைத் துடைத்து, புரட்டி, நெஞ்சோடு வைத்து அமுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுகிறாள். இழுத்தால் நீளுகிற சாதிக்கு மேல்தட்டு. மற்றதெல்லாம் கீழே. வால் மடங்கியது பதினெட்டு இருந்தது. அடுப்பில் தண்ணீர் கொதிக்கவைத்து ஒவ்வொன்றாக முக்கி எடுத்தாள். பக்கத்து வீட்டு மாமி எட்டிப் பார்த்து, "என்னடி இது, புழுவைப் போட்டுக் குழம்பு வைக்கிறே?" என்று கேட்டாளாம். அம்ரீன், "ஒங்களுக்கும் ஒரு கிண்ணம் தரவா மாமி?" என்றாளாம். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாளாகியிருந்தது. எனக்குச் சத்தம் கேட்கவில்லை. இரண்டு பேர் தோளும் குலுங்கியதைப் பார்த்தேன்.

நீ எழுதிய கடைசி வரிக்கு வந்தபோது அவள் தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அன்றிலிருந்து தலைக்கு எண்ணெய் வைக்கிறது இல்லை. ஒரு பக்கம் முழுக்க ரப்பருக்கு எழுதுகிறவன் பெண்டாட்டிக்கு ஒரு வரி எழுதினால் அதுவும் ரப்பருக்காகத்தான் இருக்க வேண்டுமா? எழுதும்மா, அப்படியே எழுது.

(மாமா இன்னும் நிறையச் சொல்கிறார்கள். நான் எழுதவில்லை. – அம்ரீன்)

வெள்ளிக்கிழமை நீ போன் பண்ணும்போது நான் அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். எடுத்த உடனே ஒரு வெளிச்சம் வரும். அப்புறம் எழுந்து அலமாரிப் பக்கம் போவாள். கவரைத் தூக்கித் தூக்கிப் பார்த்து ஏதோ சொல்வாள். அதோடு போன் முடிந்துவிடும்.

ஒரு வருடம் என்றால் அடுத்த நோன்புக்குள்ளா, அதற்கும் பின்னாலா? பதில் எழுது.

வாவு முகம்மது (ரேகை)

&nbsp;

மரைக்காயர்பட்டினம்
02.06.2024, ஞாயிறு

மகன் ஃபஹத்துக்கு வாப்பா ஸலாம்.

எழுத்து வேறாக இருப்பதைப் பார்த்துப் பயந்துவிடாதே. இதை எழுதுவது ஜெராக்ஸ் கடை சீனி முகம்மது. அம்ரீனுக்குத் தெரியாமல் எழுதச் சொல்கிறேன். கடையில் உட்கார்ந்து சொன்னால் நான் கத்துவது பஜார் முழுக்கக் கேட்கும். அதனால் கடற்கரையில் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் நிழலில் இருக்கிறோம். சீனிக்குக் கண் சரியில்லை. மதுரையில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

ஒரு தப்பு நடந்துவிட்டது. தப்பு என்னுடையது.

மே மாதம் மூன்றாம் தேதி அம்ரீன் தன் தங்கை ருக்ஸானா கல்யாணத்துக்குக் கீழக்கரை போனாள். ஒன்பது நாள். நான் தனியாக இருந்தேன். கரண்டும் பாதி நேரம் இல்லை. ஐந்தாம் நாள் பார்த்தால் சுவரிலிருந்து அலமாரிக்குள் எறும்பு வரிசையாகப் போகிறது. உன் மீனில் இருக்கிற வாடைக்குத்தான். கதவைத் திறந்தால் கீழ் இரண்டு தட்டிலும் எறும்பு மொய்க்கிறது.

அவள் திரும்பி வந்து பார்த்தால் மனம் உடைந்துபோவாளே என்று நானே இறங்கினேன். நீ எழுதியது பாடம்தான். ஆனால் கவரெல்லாம் எறும்பு. எதைக் கவரோடு வைக்கிறது? எல்லாவற்றையும் உடைத்துக் கொட்டி நல்ல தண்ணீரில் அலசினேன். ஈரத்தோடு வைத்தால் வீணாகுமே என்று மாடியில் பாய் விரித்துக் கருவாடு மாதிரிக் கொஞ்ச நேரம் காயப் போட்டேன். கவரில் இருக்கிற எழுத்து எனக்குத் தெரியாது. எது எந்தக் கம்பெனி என்று எப்படிப் பிரிக்கிறது? சங்கை வளையத்தில் விட்டு அளவு பார்த்துப் பிரித்தவன் நான். இதையும் அளவு பார்த்தேன். பெரியது பெரியதோடு, சின்னது சின்னதோடு. நிறமும் ஒன்றாக இருந்தால் ஒரே சாதியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். முறுக்கு டப்பா வேண்டாம் என்று நீ எழுதியிருந்தாய். அதனால் பிஸ்கட் டப்பாவில் போட்டேன். அதுவும் அதே பிளாஸ்டிக் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

பன்னிரண்டாம் தேதி அவள் வந்தாள். டப்பாவைத் தூக்கினால் வரவில்லை. அடி இளகி அலமாரித் தட்டோடு பிடித்துக்கொண்டது. மூடியைத் திறந்தால் உள்ளே அல்வா. தலை எது வால் எது என்று தெரியவில்லை. ஏப்ரலில் வந்ததையும் சேர்த்து முந்நூற்று முப்பது இருந்ததில் நூற்று அறுபது பாக்கெட் போய்விட்டது.

முதலில் சிரித்தாள். "மாமா, வாழைக்காய் பஜ்ஜி போட்டுருக்கீக" என்றாள். அப்புறம் டப்பாவைப் பார்த்துக்கொண்டே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். என் காதில் வாயை வைத்து, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிக் கேட்டாள். "இப்ப நூத்தி எழுபதுதானே மாமா இருக்கு? நானூறு ஆகணும்னா இன்னும் எத்தனை வருசம்?"

 

மூன்று நாள் உட்கார்ந்து கத்தியால் பிரித்துப் பார்த்தாள். வெந்நீரில் போட்டாள். ஒன்றும் வரவில்லை. பிறகு என்னிடம் சத்தியம் வாங்கினாள். "அவுகளுக்குத் தெரியவேணாம் மாமா. தெரிஞ்சா எண்ணிக்கை கொறைஞ்சுபோச்சுன்னு இன்னும் தள்ளிப்போட்டுருவாக." வெள்ளிக்கிழமை போனில் முந்நூற்று முப்பது என்றே சொல்கிறாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். சொல்லும்போது அலமாரிக்கு முதுகைக் காட்டி நிற்கிறாள்.

மிச்சம் இருப்பதையாவது காப்பாற்றலாமா என்று கேட்க, பத்துப் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு மண்டபம் வினோத்குமாரைப் போய்ப் பார்த்தேன். தூண்டில் சாமான் விற்கிற, மதுரைக்காரர்களைப் போட்டில் கூட்டிப் போகிற பையன். கவரை வாங்கித் திருப்பினான். மூலையில் ஒரு கறுப்பு மைக் கோடு இருக்கிறதே, எல்லாக் கவரிலும் இருக்கும், அதைக் காட்டி என் காதில் கத்தினான். "அய்யா, இது கடையில கழிச்சுப் போட்ட சரக்கு. விக்கிறதுக்கு இல்லன்னு கோடு போட்டுருவாங்க. பாதிக்கு மேல ஏற்கனவே காஞ்சுபோச்சு. நம்ம வெயிலுக்கு ஒரு வருசம், ரெண்டு வருசம் தாங்குறதே பெருசு. நான்லாம் அந்தந்த மாசத்துக்கு விக்கிறதைத்தான் வாங்குவேன். எவனாச்சும் ரெண்டு வருசம் சேத்து வச்சு, அப்புறம் கடை தொறப்பானா?"

அந்தக் கோடு நீ அவளுக்காகப் போட்டது என்று அம்ரீன் நினைத்துக்கொண்டிருக்கிறாள். உன் கை பட்ட அடையாளம் என்று. நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை.

நீ அந்தக் கடைக் கோடவுனில் நிற்கிறவன். உனக்கு இது தெரியாமல் இருக்காது. கெட்டுப்போகும் என்று தெரிந்த சாமானைச் சேர்த்து வை, சேர்ந்ததும் வருகிறேன் என்று ஏன் சொன்னாய்? உனக்கு நிக்காஹ் நடந்தது 2018 ஜூலை 8. நீ விமானம் ஏறியது செப்டம்பர் 9. அறுபத்துமூன்று நாள். உன் உம்மா மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, 2022இல் வந்தது பதினெட்டு நாள். ஆறு வருஷக் கல்யாணத்தில் எண்பத்தொரு நாள். எனக்கு எழுத்து தெரியாது. நாள் தெரியும்.

அங்கே வேறு குடும்பம் வைத்திருக்கிறாயா? இருந்தால் சொல்லிவிடு. இல்லையென்றால் என்ன காரணம்? பதிலைச் சீனி கடை விலாசத்துக்கு எழுது.

வாவு முகம்மது (ரேகை)

&nbsp;

தோஹா
28.06.2024

சீனி மாமாவுக்கு ஸலாம். இதை வாப்பாவுக்கு மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அம்ரீன் கைக்குப் போக வேண்டாம்.

வாப்பா, ரப்பர் மீன் போனதற்கு வருத்தப்படாதீர்கள். வினோத்குமார் சொன்னது சரி. அவை கடையில் கழிக்கிற சரக்குதான். சீசன் முடிந்ததும் குப்பைக்குப் போகும். நான் கேட்டு எடுத்துக்கொள்வேன்.

வேறு குடும்பம் எதுவும் இல்லை. உம்மா மேல் சத்தியம்.

காரணத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. 2022இல் வந்தேனே, அவள் எனக்கு விருந்தாளிக்கு வைக்கிற மாதிரிச் சோறு வைத்தாள். என் சட்டையை எங்கே மாட்டுவது என்று என்னிடமே கேட்டாள். இரண்டு பேருக்கும் பேச ஒன்றும் இல்லை. பதினைந்தாம் நாள்தான் என் முன்னால் வாய்விட்டுச் சிரித்தாள். பதினெட்டாம் நாள் பிளைட். இங்கே வந்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தால் சந்தோஷமாக இல்லை, பயமாக இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டுமே என்று. இங்கே ஒரு அறை, ஆறு கட்டில், வெள்ளிக்கிழமை கடற்கரையில் தூண்டில். பழகிவிட்டது. அங்கே வந்து கடை ஓடாவிட்டால், அவளுக்கும் என்னைப் பிடிக்காவிட்டால், நான் எங்கே போவது?

எப்படிப் பேண வேண்டும் என்று உங்களுக்கு எழுதும்போது மட்டும் நான் நிஜமாகவே வரப்போகிறேன் என்று எனக்கே தோன்றும். அதனால்தான் அவ்வளவு எழுதினேன்.

இன்னும் இரண்டு வருடம் விடுங்கள், வாப்பா. அதற்குள் மனதைச் சரிசெய்துகொள்கிறேன். அம்ரீனிடம் நானே பேசுகிறேன். கடைக்கு நானூறு போதாது, ஐநூறு வேண்டும் என்று சொல்லிக்கொள்கிறேன். அவள் மறுகேள்வி கேட்கிறவள் இல்லை.

இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடவும்.

ஃபஹத்

&nbsp;

மரைக்காயர்பட்டினம்
04.08.2024, ஞாயிறு

மகன் ஃபஹத்துக்கு வாப்பா ஸலாம் சொல்லி எழுதச் சொல்வது.

கையெழுத்தைப் பார்த்தவுடனே உனக்குத் தெரிந்திருக்கும். எழுதுவது அம்ரீன்.

சீனி முகம்மது கண் ஆபரேஷனுக்காக மதுரைக்குப் போயிருந்தான். கடை பூட்டியிருந்தது. போஸ்ட்மேன் கவரின் பின்னால் உன் பெயரைப் பார்த்துவிட்டு, நல்லது செய்கிறோம் என்று வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டான். ஜூலை 10, புதன்கிழமை, லுஹர் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். உன் கடிதம் என்றதும் வழக்கம்போலப் பிரித்து, என் வலது பக்கம் உட்கார்ந்து, வழக்கம்போலக் கத்தி வாசிக்க ஆரம்பித்தாள்.

முதல் வரியிலேயே நிறுத்தும்மா என்றேன். அவள் நிறுத்தவில்லை. "ஒங்க மவன் ஒங்களுக்கு எழுதுனது மாமா. வாசிக்கிறது என் வேலை. நீங்க கேளுங்க" என்றாள். ஒரு வார்த்தை விடாமல் வாசித்தாள். விருந்தாளிச் சோற்றை வாசித்தாள், பதினைந்தாம் நாளை வாசித்தாள், ஐநூறை வாசித்தாள். மறுகேள்வி கேட்கிறவள் இல்லை என்பதையும் அதே சத்தத்தில் வாசித்தாள். பக்கத்து வீட்டு மாமி சுவரோரம் வந்து நின்றவள் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள். கிழித்துவிடவும் என்பதோடு முடித்தாள். பிறகு ஒவ்வொரு தடவையும் கேட்பது போலவே கேட்டாள். "ஒருக்க கேட்டது போதுமா மாமா, திருப்பி வாசிக்கவா?"

போதும்மா என்றேன்.

கடிதத்தை மடித்துக் கவரில் போட்டு என் தலையணைக்கு அடியில் வைத்தாள். கோழிக்குத் தீனி போட்டாள்.  வெள்ளிக்கிழமை போன் அடித்தது, திரை வெளிச்சத்தைப் பார்த்தேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். அது அணைந்து மறுபடி வெளிச்சம் வந்து, மறுபடி அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "மாமா, அவுக பயந்தாகன்னு எழுதியிருக்காக. எனக்கும்தான் பயமா இருந்துச்சு. சட்டையை எங்கன மாட்டுறதுன்னு கேக்கறதுக்கே நான் ஒரு நாள் பூரா யோசிச்சேன். என்கிட்ட சொல்லியிருந்தா நானும் பயமா இருக்குன்னு சொல்லியிருப்பேன். ரெண்டு பேரும் சேந்து பயந்திருக்கலாம். ஐநூறுன்னு சொல்லிக்கிறேன்னு எழுதியிருக்காகளே, அதுக்கு என்ன மாமா செய்யுறது?"



பிறகு கேட்டாள். "ஜமாஅத்துல குலா கேக்கப் போறேன், இந்த நிக்காஹ்லருந்து என்னைப் பிரிச்சு விடச் சொல்லி. எங்க வாப்பா இல்ல. என் பக்கம் நிக்க ஒரு ஆள் வேணும். நீங்க வாரீகளா?"

அஸர் தொழுகை வரைக்கும் யோசித்தேன். உன்னைத் தோளில் வைத்துக் கடலுக்குக் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. நீ வருவாய் என்று உன் உம்மா கடைசி மூன்று நாள் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்ததும் ஞாபகம் வந்தது. எழுந்து சட்டையை மாட்டினேன்.

பள்ளிவாசல் முற்றத்தில் தலைவர் என்னைப் பார்த்துவிட்டு, "வாவு, மவனுக்காகப் பேச வந்தியா?" என்று கேட்டார். மூன்றாவது தடவை கத்தியபோதுதான் எனக்கு விழுந்தது. "இல்ல, இந்தப் புள்ளைக்காக வந்தேன்" என்றேன். அங்கே இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர், "பெத்த மவனை விட்டுட்டு மருமவ பக்கம் நிக்கிறியே, வயசாயிருச்சுல்ல" என்றார் போலிருக்கிறது. உதடு அப்படித்தான் அசைந்தது. நான் தேதிகளைச் சொன்னேன். வந்த நாள், போன நாள், வருவதாகச் சொன்ன நாள், வராத பெருநாள்கள் எல்லாம். ஒருவர் எழுதிக்கொண்டார். எங்கேயும் நான் தடுமாறவில்லை. தடுமாறியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நடுவில் நினைத்தேன்.

உனக்கு ஜமாஅத்திலிருந்து தாள் வரும். தாமதிக்காமல் கையெழுத்துப் போட்டு அனுப்பு. மூன்று மாதம் பார்ப்பார்கள். நீ அனுப்பாவிட்டாலும் அவர்கள் பிரித்துவைப்பார்கள். ஆனால் நீ அனுப்பினால் அவளுக்கு அலைச்சல் குறையும். இந்த ஒன்றிலாவது அவளைக் காக்கவைக்காதே.

மிச்சமிருந்த நூற்று எழுபதில் வால் ஆடுகிற அளவுக்குத் தேறியதை வினோத்குமாரிடம் கொடுத்துவிட்டோம். அம்ரீனே பிரித்துக் கொடுத்தாள். ஒவ்வொரு கவரையும் அவள் வைத்திருந்த பக்குவத்தைப் பார்த்து, "இந்த வெயில்ல இவ்வளவு தூரம் காப்பாத்துனது யாரு அக்கா? நான் கடைக்காரன், எங்கிட்டயே இப்படி இருக்காது" என்றான். அவள் அடுத்த கவரை எடுத்து நீட்டினாள். போன ஞாயிற்றுக்கிழமை மதுரைக்காரர் ஒருவர் அதில் ஆறு கிலோ பாரை பிடித்தாராம். இனி எதுவும் கொடுத்து அனுப்பாதே. ஹமீதின் பெண்டாட்டிக்குப் பால்பவுடர் வரட்டும்.

புதன்கிழமை அவள் கீழக்கரைக்குப் போகிறாள். அங்கே ஒரு நர்சரிப் பள்ளிக்கூடத்தில் ஆள் கேட்டிருக்கிறார்கள். போகாதே என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொல்ல உரிமையும் இல்லை. மாசம் ஒரு தடவை வந்து பார்த்துப் போவேன் என்கிறாள். உறவு முடிந்த பிறகு எந்த முறையில் வருவாய் என்று கேட்டேன். "ஒங்களுக்குக் கடுதாசி வாசிக்க வாரவளா வாரேன்" என்றாள். வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் உன் எழுத்தைக் கத்தி வாசித்தது போதும்.

உனக்குத் தனியாக ஏதாவது எழுத வேண்டுமா, நான் அந்தப் பக்கம் திரும்பிக்கொள்கிறேன் என்றேன். சிரித்தாள். எழுதவில்லை. நான் சொல்வதை மட்டும் ஒன்றும் குறைக்காமல், கூட்டாமல் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

உன்மேல் கோபம் என்று நினைக்காதே. கோபப்பட உடம்பில் தெம்பு வேண்டும். எனக்குக் களைப்பாக இருக்கிறது. நீ பயந்ததாக எழுதியதை நான் நம்புகிறேன். என்னிடமாவது முந்தியே சொல்லியிருக்கலாம். இது உன் வீடு, எப்போது வந்தாலும் கதவு திறந்திருக்கும். வா என்று மட்டும் இந்தத் தடவை எழுதச் சொல்லவில்லை. ஒவ்வொரு கடிதத்திலும் எழுதச் சொல்லி எனக்கும் வாய் ஓய்ந்துவிட்டது.

அங்கே ஆகஸ்ட் வெயில் இங்கத்தியதைவிட மோசம் என்று ஹமீது சொன்னான். கோடவுனுக்கு நடந்து போகும்போது தலையில் ஈரத்துணி போட்டுக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

உன் வாப்பா
வாவு முகம்மது (ரேகை)